எதிராளியைப் பார்த்தவர்

முதல் பத்து நிமிடம் மர்சூக் தான் பார்க்க வந்த ஆட்டக்காரனை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. எதிரணியைத்தான் பார்க்கிறார். அவர்களுடைய பின்வரிசை எப்படி நிற்கிறது, யாருடைய முழங்காலில் கட்டு இருக்கிறது, யார் கொட்டாவி விடுகிறான் என்பதுதான் அவருக்கு முக்கியம். கடற்கரை மைதானத்தின் மேற்குப் பக்கம், வெயில் முதுகில் படும்படி குந்தியிருப்பார். பக்கத்தில் மடக்கிய கறுப்புக் குடை, மடியில் நீளமான ஒரு குறிப்புக் கொப்பி. பத்து நிமிடம் கழிந்ததும் கொப்பியை முன்பக்கமாகவோ பின்பக்கமாகவோ திறப்பார். முன்பக்கம் திறந்தால் எதிரணி பலமானது என்று அர்த்தம். பின்பக்கம் திறந்தால் அந்த ஆட்டத்தில் நம்மவன் ஐந்து கோல் அடித்தாலும் அவர் மெச்சப் போவதில்லை. "இது வாய்க்கால். வாய்க்கால்ல எல்லாரும்தான் நீந்துவான்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடிக்கத் தொடங்குவார்.

தொழில், மின்சார மீற்றர் வாசிப்பது. இருபத்தாறு வருடமாகச் சாய்ந்தமருதிலிருந்து மருதமுனை வரைக்கும் ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து தேய்ந்த கால்கள். படலையில் நின்று "கரண்ட்" என்று ஒரே ஒரு சொல் சொல்வார். வீட்டுக்காரர் வாங்க என்று சொல்வதற்குள் சுவரடிக்குப் போயிருப்பார். எந்த வீட்டில் மீற்றர் எந்தச் சுவரில், எந்த வீட்டில் அதற்கு முன்னால் சைக்கிளைச் சாத்தி வைத்துத் தொல்லை கொடுப்பார்கள் என்பதெல்லாம் மனப்பாடம். பாண்டிருப்பு நாய்கள்கூட அவரைக் கண்டு எழும்புவதில்லை. வயது ஐம்பத்து மூன்று, மெலிந்த ஆள். தெருவில் அவருக்கு வாய் பேசாத மனிதர் என்று பெயர். மைதானத்துக்கு வந்துவிட்டால் அந்த வாயை மூட ஆள் வேண்டும்.

எதையும் அது இடைஞ்சலில் என்ன செய்கிறது என்று பார்த்துத்தான் மதிப்பார். நல்ல வெயிலில் ஒழுகாத கூரையை யாராவது புகழ்வார்களா என்பது அவர் கேள்வி. மனைவி ஸுஹைறா ஒருநாள் என்னிடம் சொன்னார்: "கலியாணம் பேசி வந்த நேரம் எங்கட வாப்பாக்கிட்ட இந்த மனிசன் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? மகள் காய்ச்சலோட ஆக்கின சோறு எப்பிடி இரிக்கும் எண்டு. வாப்பா எழும்பிப் போகப் பாத்தாரு." ஆனாலும் பெண் கொடுத்தார்கள். ஸுஹைறாவின் காய்ச்சல் நாள் சோற்றை மர்சூக் இன்றுவரை ஊரெல்லாம் புகழ்ந்து திரிகிறார். மற்ற நாள் சோற்றைப் பற்றி ஒரு சொல் கிடையாது.

உதைபந்தாட்டத்தில் கோல் அடிப்பவனில் அவருக்கு அவ்வளவு அக்கறை இல்லை. நடுவில் நின்று பந்தை வாங்கிப் பிரித்துக் கொடுக்கிறானே, அவன்தான் அவருடைய ஆள். "சென்டர்ல நிக்கிறவன் சரியெண்டா மத்தப் பத்துப் பேரும் சரியா இரிப்பானுகள்" என்பார். அந்தச் சென்டரை நிறுக்க அவரிடம் இருப்பது ஒரே தராசு. பலமான அணிகளுக்கு எதிராக அவன் என்ன செய்தான் என்பதே அது. "பின்பக்கத்தில நூறு வெற்றி இரிக்கட்டும். முன்பக்கத்தக் காட்டுங்க."

எது பலமான அணி என்பதைத் தீர்மானிக்க அவர் படும் பாட்டைப் பார்த்தால் நீதிமன்றம் தோற்றுப்போகும். மட்டக்களப்பிலிருந்து பேர் போன ஓர் அணி வந்தாலும் உடனே முன்பக்கம் திறந்துவிட மாட்டார். அவர்களுடைய வழக்கமான பின்வரிசைக்காரன் வந்திருக்கிறானா, வராவிட்டால் ஏன் என்று போன் போட்டு விசாரிப்பார். ஒருமுறை கிண்ணியாவிலிருந்து வந்த அணி, வழியில் வாகனம் பழுதாகி, கண் மூடாமல் விடியற்காலையில்தான் வந்து சேர்ந்தது. அன்று பின்னேரம் எங்கள் அணி அவர்களை மூன்று கோலால் வென்றது. ஊரே கூத்தாடிக்கொண்டிருக்க, மர்சூக் கொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பினார். "நித்திர கொள்ளாத டீம் எப்பிடிப் பலமான டீமாகும்?" இன்னொரு முறை எதிரணியின் கோல் காவலனுக்கு முதல்நாள் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு, முன்பக்கத்தில் எழுதி முடித்ததையே வெட்டினார். இப்படிப்பட்ட மனிதரை யார் சந்தேகிப்பார்கள்? மர்சூக்கின் கொப்பி என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் எங்கள் பக்கத்தில் அணியே போடுவார்கள்.

அந்தக் கொப்பிக்குள் இன்பாஸ் வந்து சேர்ந்தபோது அவனுக்கு இருபது வயது. சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கம் வீடு. வாப்பா கடலுக்குப் போனவர், நெஞ்சு வருத்தம் வந்து வீட்டில் இருந்துவிட்டார். உம்மா சரீபா, இரண்டு தங்கைகள். பந்து காலுக்கு வந்தால் தலையைக் குனியாமலே அடுத்து யாருக்குக் கொடுப்பது என்று அறிந்த பிள்ளை அவன். ஊர் லீக்கில் வருடம் முழுக்க அவனை நிறுத்த ஆள் கிடையாது. ஆனால் ஊர் லீக் மர்சூக்குக்கு வாய்க்கால். பலமான வெளியூர் அணிகள் எங்கள் பக்கம் வருவது வருடத்தில் ஒரே தடவைதான், நோன்புப் பெருநாள் முடிந்த கையோடு ஒரு வாரம் நடக்கும் பெருநாள் கிண்ணத்துக்கு. மூன்று வருடத்தில் அந்த வாரங்களில் இன்பாஸ் அவர்களோடு ஏழு ஆட்டம் ஆடினான். ஏழும் முன்பக்கத்தில் ஏறின. ஏழிலும் குறிப்பு ஒரே மாதிரி இருந்தது: "முதல் பாதி நல்லம். இரண்டாம் பாதியில் ஆளைக் காணவில்லை." ஐந்தாவது ஆட்டத்தில் இன்னொரு வரியும் சேர்ந்தது: "இடைவேளையில் மற்றவர்களோடு இருப்பதில்லை. போத்தல் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு தனியே சவுக்கு மரத்தடிக்குப் போகிறான். மண்டைக்கனம்."

போன வருடம் கொழும்பில் ஒரு கம்பனி அணியிலிருந்து கடிதம் வந்தது. நடுவில் விளையாட உங்கள் பகுதியிலிருந்து நல்ல ஒருவனை அனுப்புங்கள், எடுபட்டால் கம்பனியில் வேலையும் தருவோம் என்று எழுதியிருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் விமானம் ஏறாமல் பிழைப்பதற்கு இப்படி ஒரு கதவு எப்போதாவதுதான் திறக்கும். தெரிவுக்குழுவில் ஐந்து பேர். பத்திரிகையில் எழுதுகிறவன் என்பதற்காக என்னையும் சேர்த்திருந்தார்கள். மர்சூக்கைத் தவிர நாலு பேர் வாயிலும் இன்பாஸின் பெயர்தான் இருந்தது. அவர் முன்பக்கத்தைத் திறந்து ஏழு குறிப்பையும் நிதானமாக வாசித்தார். பிறகு மருதமுனை றிஷாட்டின் குறிப்புகளை வாசித்தார். பலமான அணிகளுக்கு எதிராக றிஷாட் கடைசி நிமிடம் வரை நின்று பிடித்திருந்தான்.

"எனக்கு இன்பாஸோட கோவம் ஒண்டுமில்ல. அவன்ட ஆட்டத்தப் பாக்க எனக்கும் ஆசைதான்" என்றார் மர்சூக். "ஆனா கொழும்பில வாய்க்கால் இல்ல. அங்க போய் மூச்செடுக்க ஏலாம நிண்டா நம்மட ஊருக்குத்தான் வெக்கம்."

மற்ற மூவரும் றிஷாட்டின் பெயருக்குக் கையெழுத்து வைத்தார்கள். எழுத்தில் இருப்பதை மறுக்க நெஞ்சுரம் வேண்டும். எனக்கு அது இருக்கவில்லை. கொப்பியே தீர்மானித்துவிட்டது, இனி நாம் தலையைப் பிய்க்கத் தேவையில்லை என்ற நிம்மதியோடு நானும் கையெழுத்து வைத்தேன். இன்றைக்கு அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

றிஷாட் போனான், எடுபட்டான், நன்றாகவும் விளையாடுகிறான். அவனைக் குறை சொல்ல முடியாது. இன்பாஸ் அடுத்த மூன்று மாதத்தில் கட்டாருக்குப் போய்விட்டான். அங்கே ஒரு குளிர்க் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிற வேலை.

இந்த வருடம் பெருநாள் கழிந்து ஐந்தாம் நாள். அன்று ஆட்டம் எதுவும் இல்லை. பின்னேரம் நாலு மணிக்குக் கடற்கரைப் பக்கம் போனவன், மைதானத்தில் மர்சூக் ஓடுவதைக் கண்டேன். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ஒரு கோல் கம்பத்திலிருந்து மற்றதற்கு, தன்னந்தனியாக. வெயில் இன்னும் தணியவில்லை. கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. மூன்றாவது தடவை திரும்பும்போது பாதி வழியில் நின்று, முழங்காலில் கையை ஊன்றி, பிறகு அப்படியே மணலில் குந்திவிட்டார். ஓடிப்போய்க் கையிலிருந்த தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன். தடுத்தார்.

"நோன்பு."

"ஆறு நோன்பா? நீங்களா மர்சூக் காக்கா?"

ரமழான் முழுக்க நோன்பிருந்து, பெருநாளும் கொண்டாடிய பிறகு, பெருநாளோடு தொடங்கும் மாதத்தில் இன்னும் ஆறு நாள் விரும்பிப் பிடிக்கும் நோன்பு அது. பிடித்தால் பெரிய நன்மை, விட்டால் குற்றமில்லை. எங்கள் வீடுகளில் பெண்கள்தான் பெருநாளின் மறுநாளே அதைத் தொடங்கி ஒரே மூச்சில் பிடித்து முடிப்பார்கள். ஆண்களில் பலருக்கு அந்த வாரம் தொதல் இனிப்பும் பந்தடியுமாகவே போய்விடும். மர்சூக்கும் அந்தக் கூட்டம்தான். வெயிலில் நடக்கிற வேலை என்று ஒரு சாட்டும் வைத்திருந்தார்.

"பத்து நிமிசம்கூட இல்ல, ஏலாமப் போயிட்டு" என்றார் மூச்சு வாங்கியபடி. "அவன் ஒரு மணித்தியாலத்துக்கு மேல ஓடினான். ஒரு மெச் ரெண்டு மெச் இல்ல, ஏழு மெச்."

எனக்கு விளங்கவில்லை. அவர்தான் மெல்ல மெல்லச் சொன்னார். பெருநாள் லீவு முடிந்து, முந்திய நாள்தான் வேலைக்குப் போயிருக்கிறார். இன்பாஸின் உம்மா சரீபாவின் வீட்டில் மீற்றர் வாசிக்கும்போது, இவர் முகம் வேர்த்திருப்பதைப் பார்த்துச் சரீபா தேசிக்காய்த் தண்ணீர் கரைத்து வந்து கொடுத்திருக்கிறார். "குடிங்க தம்பி. நாங்க எல்லாரும் நோன்பு" என்றவர், கதையோடு கதையாக மகனைப் பற்றியும் சொல்லியிருக்கிறார். சரீபா சொன்னதை மர்சூக் சொல்லுக்குச் சொல் ஒப்புவித்தார்.

"மகனும் அங்க இரிந்து பிடிக்கான். பன்னெண்டு வயசில தொடங்கின, ஒரு வருசமும் விடல்ல. பந்தடிக்கப் போற நாளையிலயும் நோன்புதான். நான் ஏசுவன். ஒருத்தருக்கிட்டயும் செல்லிராதீங்க உம்மா, விரும்பிப் பிடிக்கிற நோன்ப ஊருக்குக் காட்டினா நன்ம போயிரும் எண்டு செல்லுவான்."

"அந்தத் தேசிக்காத் தண்ணி எனக்குத் தொண்டைக்குள்ளால இறங்கல்ல" என்றார் மர்சூக். "கிண்ணியாக்காரன்ட நித்திரைய எழுதின நான். எவனோ ஒருத்தன்ட காய்ச்சல எழுதின நான். நம்மட புள்ளட பசிய எழுதல்லயே. எதிராளியப் பாத்துப் பாத்து, இவன நான் பாக்கவே இல்ல."

கொப்பியை எடுத்து என்னிடம் தந்தார். முன்பக்கத்தில் இன்பாஸின் ஏழு ஆட்டமும் ஆங்கிலத் தேதியில் இருந்தன. பெருநாள் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு வருவதால் ஒரு வருடத்துத் தேதி மற்ற வருடத்தில் இல்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் புதுப் பேனையால் அந்த நாளைப் பிறைக் கணக்கில் குறித்திருந்தார். பிறை நாலு, பிறை ஆறு, பிறை மூன்று. ஏழு ஆட்டமும் அந்த ஆறு நாளுக்குள் அடங்கின. "மண்டைக்கனம்" என்ற சொல்லைத் தாள் கிழியும்வரை வெட்டியிருந்தார்.

"அவன் ஒரு சொல் சொல்லியிருக்கலாமே" என்றேன், எனக்கும் ஒரு சாட்டுத் தேவைப்பட்டதால்.

"செல்லிப்போட்டு விளையாடுறதுக்கு அது என்னத்துக்கு நோன்பு?"

"நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லைதானே."

"வேணுமெண்டு செஞ்சாலும் ஒண்டுதான், தெரியாமச் செஞ்சாலும் ஒண்டுதான். அல்லாஹ்வுக்குச் செஞ்ச குறையெண்டா அழுது தவ்பாச் செஞ்சு மன்னிப்புக் கேக்கலாம். இது அடியான்ட ஹக்கு. அவன்ட வாயால பொருந்தினாத்தான் தீரும்."

ஒரு மனிதனுக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிதன் பொருந்தாவிட்டால், அதாவது மனதார மன்னிக்காவிட்டால், மறுமையிலும் அது தொடரும் என்று நம்புகிறவர் அவர். ஆனால் அவனுக்குப் போன் எடுக்க அவரால் முடியவில்லை. எண் இருந்தது. எடுப்பார், மணி அடிக்க முதல் வெட்டுவார். குழுவில் இருந்த மற்ற மூவரின் வீட்டுக்கும் போய் நடந்ததைச் சொன்னார். இப்போதெல்லாம் ஆட்டம் தொடங்க முன்னர் எங்கள் அணிப் பிள்ளைகளிடம் போய், "சாப்பிட்டியா? நித்திர கொண்டியா? மேலுக்கு என்னவும் செய்யிதா?" என்று ஒவ்வொருவரையும் கேட்கிறார். அவர்கள் சிரிக்கிறார்கள். மர்சூக் மாமாவுக்கு வயது போய்விட்டது என்று பேசிக்கொள்கிறார்கள். ஸுஹைறா மட்டும் சிரிப்பதில்லை. "இந்த மனிசன் இப்பச் சோத்தில கைய வெச்சிட்டு அப்பிடியே இரிக்காரு" என்று என்னிடம் சொன்னார்.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, இந்தச் சித்திரத்தை எழுதுவதற்காக அவரோடு ஒழுங்கைகளில் நடந்தேன். சரீபாவின் வீடு வந்ததும் நடை தளர்ந்தது. வழக்கமான "கரண்ட்" கூட வாயிலிருந்து சரியாக வரவில்லை. விறாந்தைச் சுவரில் மீற்றர். வாசித்தார், பில்லை அடித்துச் சரீபாவின் கையில் கொடுத்தார், புறப்படத் திரும்பினார். அந்த நேரம் பார்த்துச் சரீபாவின் போன் அடித்தது. கட்டாரில் வெள்ளி லீவு நாள். திரையில் இன்பாஸின் முகம் தெரிந்தது. கொஞ்சம் கொழுத்திருந்தான்.

"ஆரு உம்மா வந்திரிக்கிற?"

"நம்மட மர்சூக் தம்பி மனே. இந்தா கதை." சரீபா பதிலுக்குக் காத்திராமல் போனை அவர் கையில் வைத்துவிட்டார்.

ஸலாம் சொல்லிக்கொண்டார்கள். வருவது வரட்டும் என்று மர்சூக் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார்.

"நீ நோன்போட விளையாடின எண்டு எனக்குத் தெரியா மனே. நான் எழுதினதாலதான் ஒன்ன எடுக்கல்ல. வேற ஒருத்தரும் தடுக்கல்ல, நான்தான். என்னப் பொருந்திக்க."

இன்பாஸ் மெல்லச் சிரித்தான். "உம்மா செல்லிட்டாவா? பொருந்திட்டன் மாமா. நீங்க கண்டதத்தானே எழுதின நீங்க. செகண்ட் ஹாப்ல கண்ண இருட்டிக்கிட்டுத்தான் வரும்."

மர்சூக்குக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. ஸலாம் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் இன்பாஸுக்கு அது அதோடு முடியவில்லை.

"ஒண்டு கேக்கட்டா மாமா? நோன்பில்லாம விளையாடியிருந்தா அவனுகளுக்கு முன்னால நான் நிண்டிரிப்பனா? அந்தக் கொழும்பு டீமில நிண்டு பிடிக்க நான் காணுமா? மத்தவனுகள் ஓம் ஓம் எண்டுதான் செல்லுவானுகள். நீங்க செல்லுங்க."

அவன் குத்திக் கேட்கவில்லை. குளிர்க் களஞ்சியத்தில் பெட்டி அடுக்கும்போது தினமும் தன்னையே கேட்டு, பதில் கிடைக்காத கேள்வியை, பதில் தெரியும் என்று அவன் நம்பிய ஒரே மனிதரிடம் கேட்டான். சரீபாவும் மர்சூக்கின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். ஆனால் பலமான அணிகளுக்கு முன்னால் நோன்பில்லாத இன்பாஸை மர்சூக் ஒருநாளும் கண்டதில்லை, காணாத ஒன்றைக் கண்டதாகச் சொல்ல அவருக்கு வராது.

"மாமா? கேக்குதா?"

மர்சூக் போனைச் சரீபாவின் கையில் கொடுத்தார். சுவர்ப் பக்கம் திரும்பினார். சற்று முன்னர் வாசித்து முடித்த மீற்றரை, கண்ணைச் சுருக்கி, முதல் இலக்கத்திலிருந்து மறுபடியும் வாசிக்கத் தொடங்கினார்.